ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே

பினாங்குத் தைப்பூசம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கன்னத்தில் வேல் குத்திய முகம் வரும். முதுகுச் சதையில் கொக்கி மாட்டி இழுபடும் உடல் வரும். அடுத்து இன்னொரு முகம், இன்னொரு வேல். தள்ளிக்கொண்டே போனாலும் படம் அதேதான், ஆள் மட்டும் மாறுவார். எடுத்தவர்களில் பலர் கைதேர்ந்தவர்கள், தொழிலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதர் யார், யாருக்காக வேண்டிக்கொண்டார், எத்தனை நாள் விரதம் இருந்தார், வேல் கழற்றியதும் யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று கேட்டால் அங்கே ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

ஒற்றைப் படம் ஒரு கணத்தைப் பிடித்துக் கொடுக்கும். அந்தக் கணத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதைப் பார்ப்பவர்தான் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். நம்மை அறிந்தவர் ஓரளவு சரியாக நிரப்புவார். அறியாதவர் தான் ஏற்கெனவே கேள்விப்பட்டதைப் போட்டு நிரப்புவார். மலாயாத் தமிழனின் படங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பார்க்கப்பட்டிருக்கின்றன. ரப்பர் பால்மரத்தடியில் வாளியோடு நிற்கும் பெண், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், காவடி எடுத்தவர் என்று அஞ்சலட்டைகளிலும் பயணிகளின் ஆல்பங்களிலும் ஒருவர் பக்கத்தில் இன்னொருவராக நிற்கிறார்கள். யாருக்கும் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. பல படங்களைக் கோத்து ஒரே சங்கதியைச் சொல்லும் படத்தொடர் என்ற வடிவத்தை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். தொடர் என்று வந்துவிட்டால் முன்னும் பின்னும் படத்துக்குள்ளேயே வந்துவிடும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் கூலெஷோவ் நூறு வருடங்களுக்கு முன்பு சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் முகம், எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அந்தத் துண்டை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தோடு ஒட்டினார், ஒரு முறை சவப்பெட்டியோடு, ஒரு முறை ஒரு பெண்ணோடு. பார்த்தவர்கள் முதலாவதில் பசி தெரிகிறது என்றார்களாம், இரண்டாவதில் துக்கம், மூன்றாவதில் ஆசை. அந்தச் சோதனையைப் பற்றி அவருடைய மாணவர் புதோவ்கின் பிறகு எழுதினார். முகம் மாறவே இல்லை. பசியும் துக்கமும் பிறந்தது இரண்டு துண்டுகளுக்கு இடையில், பார்ப்பவரின் மனத்தில்.

இதைப் பினாங்கில் தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வயதான அம்மா ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு படம். அதற்கு அடுத்து, மஞ்சள் துணியால் வாய் கட்டிய பால்குடத்தை வையுங்கள்: அவர் ஏறப் போகிறார், மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். அதை எடுத்துவிட்டு, காரின் பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்த காலிக் குடத்தை வையுங்கள்: அவர் ஏறி இறங்கிவிட்டார், கால் வலிக்கிறது, மனம் நிறைந்திருக்கிறது. அம்மாவின் படத்தில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. பால் ஊற்றுவதை இரண்டு வரிசையிலும் நாம் காட்டவில்லை, ஆனால் இரண்டாவதைப் பார்த்தவர் அதைப் பார்த்துவிட்டதாகவே நினைப்பார்.

இதெல்லாம் பத்திரிகைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படத்தொடர் இருக்கிறது, அலமாரிக்கு மேலே, துணியில் சுற்றி. கல்யாண ஆல்பம். வாசலில் வாழைமரம், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல், தாலி கட்டு, அம்மி மிதிப்பு, கடைசியில் பந்தி. பக்கத்தைத் திருப்பும்போது பாட்டி சொல்வதும் சேர்ந்தால்தான் அது ஆல்பம். "இவருதான் அலோர் ஸ்டார் மாமா. பாலம் இல்லாத காலம், ஃபெர்ரிக்கு வரிசையில மாட்டிக்கிட்டு, தாலி கட்டி முடிஞ்ச பிறகுதான் வந்து சேர்ந்தாரு. இந்தப் படத்துல மொகத்தைப் பாரு." பினாங்குத் தீவை எதிர்க்கரையோடு இணைக்கும் பாலம் 1985இல்தான் திறந்தது. மாமாவின் முகத்தில் இருக்கும் அந்தக் கடுப்பைப் பாட்டி சொல்லாமல் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதே ஆல்பத்தைப் பாட்டி இல்லாமல் வேற்று ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுங்கள். நான்கு பக்கத்துக்கு மேல் தாங்காது. சடங்கு வரிசையாக இருக்கிறது, ஆனால் யாருக்கு என்ன ஆகுமோ என்ற எதிர்பார்ப்பு அதில் இல்லை. தொடர் எடுக்கக் கிளம்பும் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். காலையிலிருந்து மாலை வரை நடந்ததை நேரப்படி அடுக்கிவிட்டால் கதை ஆகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். கதைக்கு ஒருவர் வேண்டும், அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும், அது கிடைக்குமா கிடைக்காதா என்று நமக்குத் தவிப்பு இருக்க வேண்டும். அலோர் ஸ்டார் மாமா தாலி கட்டும் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று தவித்தாரே, கதை அங்கே இருக்கிறது.

இந்தக் கலையோடு பினாங்குக்கு ஒரு பழைய உறவு உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. எடின்பரோவில் பிறந்த ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்தார். பினாங்கிலும், எதிர்க்கரையில் அன்று பிராவின்ஸ் வெல்லஸ்லி என்று அழைக்கப்பட்ட இன்றைய செபெராங் பிறையிலும் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்து கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிடம் நிற்கும்? கூடாரம், தகடுகள், ரசாயனப் புட்டிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தனியாளாகச் செய்கிற வேலை இல்லை அது. 1875இல் வந்த பயண நூலில் தாம்சன் எழுதுகிறார்: மெட்ராஸ்காரர் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, படங்களை அச்சுப் போடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டேன். சீனர்கள் இதைப் பேய்வேலை என்று சொல்லி வர மறுத்துவிட்டார்களாம்.

1860களிலேயே பினாங்கில் தென்னிந்தியர் இருவர் படக்காரருக்குக் கைகொடுத்தார்கள், படங்களை அச்சுப் போட்டார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை. கேமராவுக்கு எதிரே நிற்பவர்கள் என்றே நம்மை நாம் நினைத்துப் பழகிவிட்டோம். கேமராவுக்குப் பின்னாலும் நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

அதே தாம்சன் லண்டன் திரும்பி, 1877இல் அடால்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து தெருவோர மனிதர்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டார். மாதம் ஒன்றாக 12 பகுதிகள், பகுதிக்கு மூன்று படங்கள், பக்கத்தில் அந்த மனிதர் சொன்ன வாழ்க்கைக் கதை. படமும் எழுத்தும் சேர்ந்து நடக்கும் வடிவத்துக்கு அது ஒரு தொடக்கம். இருந்தாலும் கேமரா பெரிது, தகடு மெதுவானது. ஒருவரை நிற்கவைத்து எடுக்கலாம், அவர் பின்னாலேயே போக முடியாது. பின்னாலேயே போவதற்கு 1925இல் லைக்கா போன்ற கைக்கு அடங்கிய கேமரா வர வேண்டியிருந்தது. எடுத்ததைப் பக்கம் பக்கமாகப் போட அமெரிக்காவின் லைஃப் போன்ற பத்திரிகை வர வேண்டியிருந்தது. படப் பத்திரிகையாக லைஃப் இதழின் முதல் பிரதி 1936 நவம்பர் 23 தேதியிட்டு வந்தது.

லைஃப் வெளியிட்ட எத்தனையோ தொடர்களில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். 1948 செப்டம்பரில் வந்த, அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் எடுத்த கிராமத்து டாக்டரின் கதை. கொலராடோ மலைப்பகுதியில் கிரெம்லிங் என்ற சிற்றூர். சுற்றிலும் 400 சதுர மைலுக்கு, சுமார் 2,000 பேருக்கு, எர்னஸ்ட் செரியானி ஒருவர்தான் டாக்டர். ஸ்மித் அவரோடு 23 நாட்கள் இருந்தார். முதலில் கொஞ்ச காலம் ஃபிலிம் போடாமலேயே சொடுக்கிக்கொண்டு திரிந்தார் என்று சொல்வார்கள். டாக்டருக்கும் ஊருக்கும் கேமரா பழகிப்போகட்டும் என்று.

பத்திரிகையைத் திறந்ததும் வருவது, மேகம் கவிந்த வானத்தின் கீழே புல் மண்டிய முற்றத்தைக் கடந்து பையோடு நடக்கும் டாக்டர். முகத்தில் ஏதோ யோசனை. எந்த ஊர், எப்படிப்பட்ட மனிதர் என்று இரண்டையும் ஒரே படம் சொல்லிவிடுகிறது. பிறகு அன்றாட நோயாளிகள். பிறகு அவருக்கு அபூர்வமாகக் கிடைத்த ஓய்வில் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த ஓய்வு பாதியில் அறுகிறது. குதிரை உதைத்து நெற்றி பிளந்த இரண்டரை வயதுக் குழந்தை வந்திருக்கிறாள். தையல் போடும் கை, பார்த்துக்கொண்டு நிற்கும் பெற்றோர், கண்ணைக் காப்பாற்ற முடியாது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் டாக்டரின் முகம். தூண்டில் படத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள், குழந்தையின் படங்கள் அப்போதும் உலுக்கும். ஆனால் இந்த வேலைக்கு டாக்டர் கொடுக்கும் விலை என்ன என்பது போய்விடும். தனியாகப் பார்த்தால் சாதாரணமான படம் அது. சுவரில் மாட்டிவைக்க யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இடத்தில் அது இல்லாமல் கதை நிற்காது.

கடைசிப் படம் பலரும் பார்த்திருக்கக் கூடியது. இரவு இரண்டு மணி வரை நீண்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவமனைச் சமையலறையில், அறுவை உடுப்பு கூடக் களையாமல், கையில் காபியும் சிகரெட்டுமாக எங்கோ பார்த்தபடி சாய்ந்து நிற்கிறார். நாயகனாகப் போற்றும் படமாக அதை எடுத்திருக்கலாம், ஸ்மித் எடுக்கவில்லை.

லைஃப் பாணி என்று பிறகு வகுப்புகளில் சொல்லித்தரத் தொடங்கினார்கள். தூரத்திலிருந்து இடத்தைக் காட்டும் படம் ஒன்று, நடுத்தூரத்தில் ஆளும் வேலையும் சேர்ந்து, கிட்டத்தில் கை அல்லது பொருள், முகத்துக்கென்று ஒன்று, இருவர் பழகுவது ஒன்று, முடிப்பதற்கு ஒன்று. கற்றுக்கொள்பவருக்கு இது நல்ல கைப்பிடி. எல்லாப் படத்தையும் ஒரே தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரும் பழக்கம் இதனால் போகும், அது ஒன்றே பெரிய லாபம். ஆனால் இதையே அளவுகோலாக வைத்துப் பெட்டி பெட்டியாக நிரப்பிக் கொண்டுவரும் தொடர்களைப் பார்த்தால் எல்லா ஊரும் ஒரே ஊராகத் தெரிகிறது.

உண்மையான வேலை படம் எடுத்து முடித்த பிறகுதான் தொடங்குகிறது. ராபர்ட் ஃபிராங்க் 1955இலும் 56இலும் அமெரிக்காவைக் காரில் சுற்றி 27,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1958இல் பாரிஸில் வந்த புத்தகத்தில் இருப்பவை 83. ஸ்மித்தோ, 1955இல் பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றிச் சில வாரங்களில் 100 படங்கள் எடுத்துத் தர ஒப்புக்கொண்டு போனவர், வருடக்கணக்கில் அதிலேயே மூழ்கிச் சுமார் 17,000 நெகட்டிவ் சேர்த்தார். மனதில் நினைத்தபடி அதை அவரால் கோத்து முடிக்கவே இயலவில்லை. டாக்டர் கதையைக் கோத்துக் காட்டிய அதே கைதான்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தன் அத்தை பால்குடம் எடுத்ததைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கைப்பேசித் திரையில் கோக்க வராது, ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மறைந்துவிடும். கடையில் 4ஆர் அளவில் அச்சுப் போட்டு வரச் சொல்லி, தரையில் பரப்பினோம். அவருக்கு ரொம்பப் பிடித்த படம், மலையடிவாரத்தில் எடுத்த வேல் குத்திய இளைஞர். வியர்வைத் துளி கூடத் தெரியும் அளவுக்குக் கூர்மை. அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அண்ணே, இது இல்லாட்டி தைப்பூசம்னு எப்படித் தெரியும்?"

"தைப்பூசத்தையா எடுத்த, அத்தையையா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து, அவர் கழித்துப்போட்ட படங்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், இரண்டும் மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. விரத நாட்களில் அத்தைக்கென்று ஒதுக்கிய தட்டு. படம் கொஞ்சம் இருட்டு, ஓரத்தில் சாயங்காலத் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம். அதை முதலில் வைத்தோம். ஏன் தட்டு தனியாக இருக்கிறது என்று பார்ப்பவர் கேட்க வேண்டும். அடுத்து, மற்றவர்கள் சாப்பிடும் மேசைக்குப் பின்னால் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கும் அத்தை. வேண்டுதல் அந்தக் குழந்தைக்காக என்று எழுத்தில் சொல்லத் தேவையில்லாமல் போனது. பிறகு விடியலுக்கு முன் குடத்தின் வாயில் துணி கட்டும் விரல்கள். பிறகு கூட்டத்துக்குள் அவர் தலை மேல் குடம் மட்டும் தெரியும் ஒரு தூரப் படம். பிறகு படிக்கட்டு. 513 படிகளில் எத்தனையாவது என்று தெரியாது, கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்த கை மட்டும்.

அபிஷேகத்தின் படம் கிடையாது. அங்கே கேமராவைத் தூக்கக் கூடாது என்று அவர் எடுக்கவில்லை, மிகவும் சரி. அதனால் கம்பியைப் பிடித்த கைக்கு அடுத்து வருவது, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி வெளியே வரும் அத்தை. கதையின் உச்சம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிட்டது. எடுத்திருந்தால் கூட அதை நான் போட விட்டிருக்க மாட்டேன். சாமிக்கும் அத்தைக்கும் நடுவில் இருந்தது அங்கேயே இருக்கட்டும், பார்ப்பவர் அதை முகத்தில் படித்துக்கொள்வார்.

வரிசையை மாற்றுவதில் ஒரு நேர்மை வேண்டும் என்பதையும் அன்று பேசினோம். தட்டுப் படம் எடுத்தது விரதத்தின் கடைசி வாரத்தில், பேத்திப் படம் அதற்கு முன்பே. முன்பின்னாக மாற்றியதால் யாரைப் பற்றியும் பொய்யாக எதுவும் சொல்லவில்லை, அதனால் பரவாயில்லை. ஆனால் கொக்கி மாட்டும்போது அழுத தாயின் படத்தை, மகன் மயங்கி விழுந்த படத்துக்கு அடுத்து வைத்தால் அது வேறு சங்கதி. நடக்காத ஒன்றை நடந்ததாகப் பார்ப்பவரை நம்பவைக்கிறோம், ஒரு புள்ளியைக் கூடத் திருத்தாமல். ஸ்மித்தே இதில் தவறியவர்தான். 1954இல் ஆப்பிரிக்காவில் மருத்துவர் ஆல்பெர்ட் ஷ்வைட்சரைப் பற்றி எடுத்த தொடரில், ஒரு படத்தின் முன்பக்கத்தில் ரம்பப் பிடியும் ஒரு கையும் வேறொரு நெகட்டிவிலிருந்து ஒட்டப்பட்டவை. அந்தத் தொடர் பக்கத்தில் அமைந்த விதம் பிடிக்காமல் லைஃபை விட்டே விலகியவர், தன் அச்சில் செய்தது இது. அவரை நான் மதிக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஒருவரைப் பின்தொடர்வது ஒரு வழி. ஒரு வேலையைப் பின்தொடர்வது இன்னொன்று. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்து, நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுவதைக் காட்டினார். அது நிரூபணம். ஆனால் செபெராங் பிறையில் இன்னும் பால் வெட்டத் தெரிந்த ஒரு பெரியவர் விடியலில் ஆள் கூப்பிடும் பெரட்டு நேரத்திலிருந்து, பால் பிடிக்கும் மங்கைக் கவிழ்க்கும் வரை செய்ததைச் செய்து காட்ட, அதைப் படிப்படியாக எடுத்துவைத்தால் அது நிரூபணத்தையும் தாண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும், அதனால்தான் இருட்டிலேயே காட்டுக்குள் போனார்கள். இந்த ஒரு காரணம் தெரிந்துவிட்டால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கும் முதல் படத்திலேயே அவசரம் வந்துவிடுகிறது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. அந்தக் கையசைவு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பினாங்குக்காரர் ஒருவரிடமே கற்கலாம். இஸ்மாயில் ஹாஷிம், 1940இல் பிறந்து 2013இல் காலமானவர். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் மெல்லிய வண்ணம் தீட்டியவர். சைக்கிள் இருக்கைகளைத் தனித்தனியே எடுத்துக் கட்டம் கட்டமாக ஒரே சட்டத்துக்குள் அடுக்கினார். கிழிந்தது, கயிறு கட்டியது, பிளாஸ்டிக் பை மாட்டியது. ஆளே இல்லை, ஆனால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். முடிதிருத்தும் கடைகளையும் எடுத்தார். இந்த வகையில் காலம் ஓடாது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டு கண் அலையும், வித்தியாசங்கள் பேசும்.

பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனுக்கு இந்த அடுக்கு வடிவம் மிகவும் பொருந்தும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் பழைய கடைவீடுகளின் வாடகையை உரிமையாளர் விருப்பப்படி உயர்த்தலாம் என்றானது. பல குடும்பங்கள் தெருவை விட்டே போயின. 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்தது, சுவர்கள் அழகாயின, காப்பிக் கடைகள் கஃபேக்களாயின. லெபோ பாசாரில் மசாலா அரைக்கும் கடை, லெபோ குயின் மாரியம்மன் கோவில் பக்கத்துப் பூக்கட்டு, சூலியா தெரு நாணய மாற்றுக்காரர், ஆயர் ஈத்தாம் சாலையோரத்து வண்ணாந்துறை. ஒவ்வொன்றையும் அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், வருடம் ஒரு முறை எடுத்தால் போதும். நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் வருடத்துக்கு ஒரு படமாக அப்படித்தான் எடுத்தார். ஒரே வரிசையில் நிற்கும் நான்கு பேர், அவ்வளவுதான். காலம் மற்ற வேலையைச் செய்தது. நம் தெருக்களை இப்படி யாராவது 1999இல் தொடங்கியிருந்தால் என்று பல முறை ஏங்கியிருக்கிறேன்.

இன்று பெரும்பாலோர் தொடரைப் பார்ப்பது கைப்பேசியில். இன்ஸ்டகிராமில் ஒரே பதிவில் பல படங்கள் போடும் வசதி 2017இல் வந்தபோது பத்து வரை அனுமதித்தார்கள், 2024இல் இருபதாக்கினார்கள். இருபது இருக்கிறதே என்று இருபதையும் நிரப்ப வேண்டாம். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியே தொடர்ப் பிரிவில் 4 முதல் 10 படங்கள்தான் கேட்கிறது. கைப்பேசியில் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த படம் வரும்போது முந்தையது போய்விடும், பார்ப்பவர் அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் சேர்க்க வேண்டும். சுவரில் மாட்டினால் இரண்டும் கண் முன்னே நிற்கும். அதனால் கைப்பேசிக்குக் கோக்கும்போது ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு ஏதாவது ஒன்று கை கோத்து வர வேண்டும்: அதே நிறம், அதே கை, அதே குடம். இன்னொன்று, முதல் படம்தான் விரலை நிறுத்தும் என்று சொல்லி எல்லோரும் வேல் குத்திய முகத்தை முன்னால் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஒன்பதும் அதற்கு அடிக்குறிப்பாகிவிடுகிறது. தனியாகக் கவிழ்ந்த தட்டுக்கும் விரல் நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் விக்னேஸ் பாலசிங்கம் 2013இல் ஜோர்ஜ்டவுனில் தொடங்கிய ஓப்ஸ்குரா புகைப்படத் திருவிழா போன்ற முயற்சிகள் இந்த ஊருக்குப் படத்தொடர்களைக் கொண்டுவந்திருக்கின்றன. அதைத் தொடங்கியவர் நம்மவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக, படத்துக்குக் கீழே வரும் வரிகள். 1936இல் கலிஃபோர்னியாவில் டொரோத்தியா லாங்க் எடுத்த, பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க முகவாயில் கை வைத்த ஒரு தாயின் படம் உலகம் முழுவதும் போனது. உண்மையில் அது ஒரு சிறு தொடரின் கிட்டத்துப் படம். தூரத்திலிருந்து கூடாரத்தைக் காட்டித் தொடங்கி நெருங்கி வந்த படங்களில் ஒன்று. மற்றவை மறந்தே போயின. லாங்க் அவர் பெயரைக் கேட்கவில்லை, கதையையும் கேட்கவில்லை என்று தாமே பிறகு எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தத் தாயின் பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. தன்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார்.

பெயர் எழுதுவதும் அவர் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும், அந்தச் சம்மதம் மாறவும் கூடும். ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1970களில் ஜப்பானின் மினாமாட்டாவில் பாதரச நச்சால் முடங்கிய ஒரு பெண்ணைத் தாய் குளிப்பாட்டுவதை எடுத்தார்கள். குடும்பம் இசைந்துதான் எடுத்தது. உலகமே அதைப் பார்த்துத்தான் அந்த அநியாயத்தை அறிந்தது. மகள் இறந்து பல வருடங்கள் கழித்து, இனி அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990களின் இறுதியில் ஐலீன் அதற்கு இணங்கினார். பல வருடங்கள் அந்தப் படம் புதிதாக வெளியிடப்படாமல் இருந்தது.

அந்தத் தம்பியிடம் படங்களை முதலில் அத்தையிடம் காட்டச் சொன்னேன். இரண்டு சங்கதிகள் திரும்பி வந்தன. கம்பியைப் பிடித்த கையில் வளையல் உடைந்திருந்ததாம், அந்தப் படம் வேண்டாம் என்றுவிட்டார், எடுத்துவிட்டோம். தட்டுப் படத்துக்கு அவரே சொன்ன வரியைத் தம்பி அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்: "இது எங்க அம்மா தட்டு. அவங்களும் இதுலதான் விரதம் இருந்தாங்க, நிபோங் திபால் தோட்டத்துல இருக்கும்போது." தொடரின் முதல் படத்துக்குக் கீழே இப்போது அந்த வரி இருக்கிறது, எடுத்த வருடமும் ஊரும் சேர்த்து.